ஒரு கன்னம் மட்டும் சிவந்த குழந்தை

“என் பொண்ணைக் கன்னத்துல அறைஞ்சிருக்கா மேடம். ஒரு தடவை இல்ல. தினமும்.”

ராஜ்கமல் தன் போனை மேஜைமேல் வைத்தான். திரையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இடது கன்னம் எல்லாக் குழந்தைகளின் கன்னம் மாதிரிதான் இருந்தது. வலது கன்னம் மட்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது.

கனீஸ் பாத்திமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுத்தே தலை நரைத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது காஜியார் வீதியில், ஓர் அத்தர்க் கடைக்கு மேல்மாடியில், துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் வெற்றிச்செல்வன், அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, டீ வாங்கி வருவது, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என்று எனக்கு நிறைய வேலை. வயது முப்பத்துநாலு, தலை மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு முடிகூட இல்லை.

“யாரு அறைஞ்சது?” என்றார் கனீஸ்.

“செந்தமிழ்ச்செல்வின்னு ஒரு பொம்பளை. முதலியார்பேட்டையில கிரெஷ் நடத்துறா. நானும் என் வொய்ஃபும் வேலைக்குப் போறோம். பகல்ல பாப்பா அங்கதான்.”

“பார்த்தீங்களா?”

“பார்க்கணுமா மேடம்? நம்ம எதிர்ல இருக்கிற குழந்தைய வலது கையால அறைஞ்சா எந்தக் கன்னம் சிவக்கும்? இடது. என் பொண்ணுக்கு வலது கன்னம். அவ பீச்சாங்கைக்காரி. கணக்கு சரியா வருதா?”

சரியாகத்தான் வந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தால் கனீஸ் மேடத்துக்குப் பிடிக்காது. அவர் பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தார்.

“சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் வேணும்” என்று ராஜ்கமல் எழுந்தான். கார் ஷோரூமில் மேனேஜர். டை கட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். “இல்லன்னா பேரன்ட்ஸ் க்ரூப்ல இந்தப் போட்டோவைப் போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். நாளைக்கு அந்த கிரெஷ் இருக்காது.”

“நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க தம்பி. அது ஒருத்தங்க பொழப்பு.”

தலையை ஆட்டினான். ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் படியிறங்கியதும் மேடம் என்னைப் பார்த்தார். “என்ன தோணுது வெற்றி?”

“செல்வி கைது. நமக்கு மதியம் பிரியாணி.”

“நீ கைது பண்ணச் சொன்னவங்கள்ல ஒருத்தராவது குத்தவாளியா இருந்திருக்காங்களா?”

“ஒருத்தர் இருந்தாரு மேடம். வேற கேஸ்ல.”

வண்டிச் சாவியை என்மேல் எறிந்தார்.

*

முதலியார்பேட்டையில் அந்த வீட்டின் காம்பவுண்டு சுவரில் ஒரு யானை வரைந்திருந்தார்கள். போன வாரம் முழுக்க அடித்த மழையில் யானையின் கால்கள் கரைந்து போயிருந்தன. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் உருண்டு கொண்டிருந்தார்கள். செந்தமிழ்ச்செல்விக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு, இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

“இவரு என் தம்பி மாதிரி. இவரு பொண்ணைச் சேர்க்கணும்” என்றார் மேடம்.

“பாப்பாவுக்கு இன்னா வயசு சார்?”

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. “அது... வர்ற மாசம் பொறக்கப் போவுது” என்றேன்.

மேடம் கண்ணை மூடித் திறந்தார். செல்வி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “டீ சாப்பிடுங்க” என்றாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. டீயை இடது கையால் ஊற்றினாள். டம்ளரை இடது கையால் எடுத்தவள் சட்டென்று வலது கைக்கு மாற்றி நீட்டினாள். ஆளே சரியில்லை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

கை கழுவும் சாக்கில் அடுப்படிக்குப் போனேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பாதி பிதுக்கிய களிம்பு ட்யூப் ஒன்று ஒளிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். “இது எதுக்கு?”

செல்வியின் முகம் மாறியது. “அது என் காலுக்கு. படர்தாமரை. மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தான். புள்ளைங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு பின்னாடி வெச்சேன். நீங்க யாரு? சுகாதார ஆபீஸா?”

மேடம் நாடகத்தை அதோடு நிறுத்திக்கொண்டு, வந்த காரியத்தை உடைத்துச் சொன்னார். செல்வி கத்தவில்லை, சாபமிடவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கவிநிலா அப்பாவா சொன்னாரு?” என்றாள். “எனக்கும் ஒரு சந்தேகம் இருக்குதும்மா. இப்ப சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நெனப்பீங்க.”

“நான் நெனக்கிறது இருக்கட்டும். சொல்லுங்க.”

“போன வாரம் மழை லீவு வுட்டாங்க இல்ல? கிரெஷ் தெறக்கவே இல்ல. அதுக்கு முன்னாடி பாப்பா கன்னம் லேசாத்தான் செவந்திருந்துச்சு. லீவு முடிஞ்சு வந்தப்ப பாத்தா ரத்தமா செவந்து கெடக்குது.” தன் போனை எடுத்து நீட்டினாள். தினமும் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும் படத்தை அந்தப் பெற்றோர் க்ரூப்பில் போடுவாள். மழை லீவுக்கு முன் எடுத்த படம், லீவுக்குப் பின் எடுத்த படம். அவள் சொன்னது உண்மைதான்.

“அப்போ வீட்டுலதான் யாரோ அடிக்கிறாங்கன்னு...” என்று இழுத்தேன்.

“அவங்கம்மா துர்காதான்னு நெனச்சேன். பாவம், ஒண்டியா எல்லாத்தையும் பாத்துகினு இருக்குது. கோவத்துல கை ஓங்கியிருக்கும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா புள்ளைய நிறுத்திடுவாங்க. பகல்லயாவது என்கிட்ட நல்லாருக்கட்டும்னு இருந்துட்டேன். இந்த வீடு வாடகை வீடும்மா. அந்தப் போட்டோ க்ரூப்ல வந்துச்சுன்னா நாளைக்கு ஒரு தாய்கூட புள்ளைய வுட மாட்டா. இதை வுட்டா எனக்கு வேற வேல தெரியாது.”

சொல்லிவிட்டு இடது கையை நைட்டியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. டம்ளரைக் கை மாற்றியதையெல்லாம் குற்றமாக எடுத்துக்கொண்டது ஒரு புத்தியா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த ட்யூப் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

*

கதிர்காமத்தில் ராஜ்கமல் வீடு இரண்டாவது மாடி. ஷோரூமில் இருந்து அவன் இன்னும் வரவில்லை. துர்கா லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு இருந்தாள். மழை விட்ட பாடில்லாததால் கூடம் முழுக்கக் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தாள். புடவைக்கும் பனியனுக்கும் நடுவில் குனிந்து குனிந்து உள்ளே போனோம்.

கவிநிலா என் தலையைப் பார்த்ததும் கைதட்டியது. இதற்கு நான் பழகிவிட்டேன்.

மேடம் குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். “வெற்றி, இங்க வா. என்ன தெரியுது?”

“செவப்பு.”

“அப்புறம்?”

கிட்டப் போய்ப் பார்த்தேன். தோல் மெல்லிசாகப் பளபளத்தது. உள்ளே நூல் நூலாய் ரத்தக் குழாய் தெரிந்தது. சின்னச் சின்னப் பருக்கள். அதற்குமேல் பூனை முடி. இடது கன்னத்தில் கிடையாது. வலது கன்னத்தில் மட்டும் பொசுபொசுவென்று முடி.

“அறைஞ்சா கன்னம் செவக்கும்” என்றார் மேடம். “முடி முளைக்குமா?”

“முளைக்கும்னா சொல்லுங்க மேடம், என் மண்டையில நாலு அறை வாங்கிக்கிறேன்.”

மேடம் சிரிக்கவில்லை. துர்காவைக் கேட்டுக்கொண்டு, கன்னத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துத் தன் அக்கா மகள் மரீஹாவுக்கு அனுப்பினார். மரீஹா தோல் டாக்டர். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“சின்னம்மா, யாரு இந்தக் குழந்தை முகத்துல ஸ்டீராய்டு களிம்பு போட்டது? அதுவும் ரொம்ப ஸ்ட்ராங்கானது, ரொம்ப நாளா. தோல் மெலிஞ்சிருக்கு, முடி வந்திருக்கு. அடிச்ச மாதிரியே இல்லை.”

“மேடம்!” என்று துள்ளினேன். “செல்வி அடுப்படி ட்யூப்!”

“கிரெஷ் மூடியிருந்த வாரத்துல அந்த ட்யூப் நடந்து வந்துச்சா?” என்றார் மேடம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

துர்கா உள்ளே ஓடிப்போய் ஒரு ட்யூப்பை எடுத்து வந்தாள். “டாக்டர், நான் எதையும் போடல. பாப்பாவுக்கு முழங்கை மடிப்புல கரப்பான் புண்ணு வந்துச்சு. அதுக்கு டாக்டர் குடுத்ததுகூட ஸ்டீராய்டுன்னு போன்ல படிச்சிட்டுப் பயந்து தெறக்கவே இல்ல.” ட்யூப்பின் வாயில் சீல் உடையாமல் இருந்தது.

பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் மரீஹா. “அட, இது ரொம்ப லேசானதுங்க. டாக்டர் சொன்ன இடத்துல, சொன்ன நாளுக்கு, மெல்லிசா போட்டா ஒண்ணும் ஆகாது. போடாம விட்டாத்தான் குழந்தை ராத்திரியெல்லாம் சொறிஞ்சிக்கிட்டுக் கெடக்கும். கன்னத்துல வேலை பண்ணியிருக்கிறது இது இல்ல. இதோட கொள்ளுத் தாத்தா.”

ஆக, போட வேண்டிய மருந்தைப் போடவில்லை. போடக் கூடாத மருந்து எங்கிருந்தோ வந்து கன்னத்தில் ஏறுகிறது. அதுவும் ஒரு கன்னத்தில் மட்டும். வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர். துர்காவைப் பார்த்தேன். சீல் உடையாத ட்யூப்பைக் காட்டியது நாடகமாக இருக்குமோ? அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

“பாப்பாவை யாரும்மா தூங்க வெப்பாங்க?” என்றார் மேடம்.

“அவருதான். சாயங்காலம் வந்து குளிச்சிட்டுத் தூக்கிக்குவாரு. அவரு தோள்ல சாயாம இவ தூங்கவே மாட்டா. மழை லீவுல அவருக்கும் ஷோரூம் இல்லையா, பகல் தூக்கமும் அப்பா தோள்லதான்.” சொன்னவள் திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். “மேடம், நீங்க துப்பறியறவங்கதானே... அவரைப் பத்தியும் ஒண்ணு கேக்கணும். குளிக்கப் போனா கதவைப் பூட்டிக்கினு வெளிய வர மாட்டாரு. பைக் சீட்டுக்கு அடியில எதையோ ஒளிச்சு வெக்கிறாரு. நான் பக்கத்துல போனா டக்குனு மூடிடறாரு. வேற யாராச்சும் பொண்ணு...”

ஒரு கேஸுக்கு வந்த இடத்தில் இன்னொரு கேஸ் கிடைத்தது என்று நான் மகிழ்ந்த நேரத்தில், மேடம் கயிற்றுக்குக் கீழே நின்று ஒவ்வொரு பனியனாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் துவைச்சதுதானேம்மா?”

“ஆமா மேடம். அந்த எண்ணெய்க் கறை மட்டும் போவ மாட்டேங்குது.”

எல்லாப் பனியனிலும் ஒரே இடத்தில் கறை. இடது தோள்பட்டை. வலது தோள்பட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்போது துர்காவின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. கிரெஷ் பெற்றோர் க்ரூப்பில் கவிநிலாவின் கன்னம். கீழே ராஜ்கமல் எழுதியிருந்தான்: ‘செல்வி உங்கள் குழந்தையையும் அடிக்கிறாளா? பார்த்துக்கொள்ளுங்கள்.’

படத்துக்குக் கீழே உடனே ஒரு தாய், ‘ஐயோ, என் பையனை இப்பவே கூட்டி வரப் போறேன்’ என்று போட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி.

“போடாதீங்கன்னு சொன்னேனே” என்றார் மேடம். அவருக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

*

ராஜ்கமல் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். எங்களைப் பார்த்ததும், “இனிமே ஆதாரம் தேவையில்ல மேடம். நாலு பேரு புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்குக் கெளம்புறேன்” என்றான்.

கவிநிலா “ப்பா” என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அவன் தூக்கினான். பழகிய குழந்தை, நேராக அவன் இடது தோளில் முகத்தைக் கழுத்துப் பக்கமாய்த் திருப்பி வைத்துச் சாய்ந்தது.

“வெற்றி, வலது கன்னம் எங்க இருக்குது பாரு” என்றார் மேடம்.

பார்த்தேன். அவன் சட்டைத் தோளில் நசுங்கிக் கிடந்தது.

“துர்கா, பாப்பாவை வாங்கிக்கம்மா. தம்பி, டையைக் கழட்டி ரெண்டு பட்டனை அவுத்து விடுங்க.”

“என்ன மேடம் இது? நான் உங்களுக்குக் காசு குடுத்தது அந்தப் பொம்பளையை...”

“அவங்க உங்க பொண்ணை அடிக்கவே இல்ல. உங்க பொண்ணு கன்னத்துல ஏறினது உங்க தோள்ல இருக்கிற மருந்து. காட்டுறீங்களா, பைக் சீட்டைத் தெறக்கட்டுமா?”

ராஜ்கமல் மனைவியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்துக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஓடவில்லை. மெல்ல டையை இழுத்தான். பட்டன்களை அவிழ்த்துச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான்.

கழுத்தடியிலிருந்து இடது தோள்வரை ஒரு பெரிய திட்டு. நடுவில் தோல் வழவழத்து மெலிந்து போயிருந்தது. ஓரத்தில் வெள்ளைச் செதில்.

“சோரியாசிஸ்” என்றான். “கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு. இதுக்கு முன்னாடி பார்த்த பொண்ணு வீட்டுல இதைக் கேள்விப்பட்டு, தொத்து வியாதின்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அதான் துர்கா வீட்டுல சொல்லல. பெரியம்மா பையன் பிரான்ஸ்ல இருக்கான். அவனுக்கும் முழங்கையில இருக்கு. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய ட்யூப் கொண்டாந்து குடுப்பான். பிரான்ஸ் மருந்தாச்சே, தப்பா இருக்குமா? போட்டா அமுங்குது, விட்டா வந்துடுது. அதனால தினமும் குளிச்சிட்டு நல்லா தடவிடுவேன்.”

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர்க்காரர்களை இதில் குறை சொல்லித்தான் ஆக வேண்டும். பிரான்சிலிருந்து வந்தது என்றால் காலி சென்ட் பாட்டிலைக்கூட ஷோகேஸில் வைப்போம். அது யாருக்கு எழுதிக் கொடுத்த மருந்து, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம்.

பைக் சீட்டுக்கடியிலிருந்து ட்யூப்பை எடுத்து வந்தேன். மேடம் படம் பிடித்து அனுப்பினார். மரீஹா மறுபடி ஸ்பீக்கரில் வந்தாள்.

“இருக்கிறதுலயே ஸ்ட்ராங் இதுதான். மருந்து கெட்டது இல்லைங்க, நானே எழுதுவேன். ஆனா மெல்லிசா, கொஞ்ச நாளைக்கு, என் கண் பார்வையில. நீங்க அதை மொத்தமா அப்பிட்டு, கையையும் கழுவாம, மேல கட்டு எதுவும் போடாம, அதுமேலயே குழந்தைய சாய்ச்சிருக்கீங்க.”

“இன்னியோட நிறுத்திடறேன் டாக்டர்.”

“பட்டுனு நிறுத்துனா வெடிச்சுக் கெளம்பும். நாளைக்கு வந்து காட்டுங்க, நான் குறைக்கிறேன். அது வரைக்கும் பாப்பா அந்தத் தோள்ல சாய வேணாம். அவ கன்னம் போகப் போகச் சரியாயிடும். மொதல்ல கொஞ்சம் கூடச் செவக்கும், பயந்து எதையும் தடவாதீங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க. அப்புறம், இது தொத்தாது. உங்க வொய்ஃப் கேக்கறாங்களா? தொத்தாது.”

துர்கா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை மறைக்கவா பாத்ரூமைப் பூட்டுனீங்க? நான் எவளோ ஒருத்தி இருக்கான்னு தெனம் அழுதேன்.” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

கவிநிலா அவள் இடுப்பிலிருந்து அப்பாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. ராஜ்கமல் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். குழந்தை வீறிட்டது.

“க்ரூப்ல போட்டதை அழிச்சிடறேன் மேடம். தவறான தகவல், மன்னிக்கவும்னு போட்டுடறேன்.”

“அப்படிப் போட்டா, மிரட்டி வாயை அடைச்சிட்டாங்கன்னு பேசுவாங்க. செல்வி பேரு திரும்பாது. என்ன நடந்துச்சோ அதைப் போடுங்க.”

“என் நோயை ஊருக்கே சொல்லச் சொல்றீங்களா?”

“அவங்க கை புள்ளைய அடிச்சதுன்னு ஊருக்கே சொன்னீங்களே தம்பி.”

அவன் போனை எடுத்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். துர்கா, “நான் போடவா?” என்றாள். “இல்ல, நானே” என்றான்.

க்ரூப்பில் விழுந்தது: ‘செல்வி அக்கா என் குழந்தையை அடிக்கவில்லை. எனக்குச் சோரியாசிஸ் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் நான் தோளில் போட்ட களிம்புதான் என் மகள் கன்னத்தைக் கெடுத்தது. அக்காவின் மேல் பழி போட்டது என் தப்பு. என் படத்தை நம்பிக் குழந்தையைக் கூட்டிப் போனவர்கள் தயவுசெய்து திரும்ப விடுங்கள்.’

யாரும் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. நாங்கள் நாலு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் செல்வியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழும் சத்தம். எல்லோரும் போய்விடவில்லை என்று தெரிந்து எனக்கு மூச்சு வந்தது.

“பாப்பாவ நாளைக்கே அனுப்புங்க சார். அது இன்னா பண்ணுச்சு? ஆனா நீங்க வந்து வுடணும். எல்லா தாய்மாருங்களும் வாசல்ல நிக்கிற நேரத்துக்கு வாங்க. இப்ப எழுதுனீங்களே, அதை அங்க வாயால சொல்லுங்க.”

ராஜ்கமல் துர்காவைப் பார்த்தான். “வாசல்ல எல்லாரும் எப்போ இருப்பாங்க?”

துர்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “அவங்க வர்றதுக்கு முன்னாடியே போய் நில்லுங்க.”